அரைப்பேர்

காலை ஐந்தே முக்காலுக்கு
என் பேர்காரி ஒருத்தி
வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிறாள்.
கொட்டகலையில் ஒருவர், மடுல்சீமையில் ஒருவர்,
மக்கள் மருமக்கள் பேரெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி
தகனம் எத்தனை மணிக்கென்றும் சொல்லிவிட்டு
"உங்களிடமிருந்து விடைபெறுவது
புஷ்பலீலா" என்கிறாள்.
அடுத்த காம்பரா மரியாயி சுவரைத் தட்டுகிறாள்:
"ஏய், போயிட்டியா, இருக்கியா?"

இருக்கிறேன்.
ரொட்டியைச் சுருட்டிக்கொண்டு பிரட்டுக்குப் போகிறேன்.

அவள் பேரில் ஷ். என் பேரில் ஸ்.
பிறப்பைப் பதிந்தவருக்கு அன்று தடிமன் என்று
அப்பா சொல்லுவார்.
அடையாள அட்டையில் லீயின் சுழியும் கழன்று
லி ஆகிவிட்டது.
குளிருக்குச் சுருங்கின மாதிரி.

இன்னொருத்தி ஓடுகிறாள்.
ஐயாயிரம் மீற்றர்.
எங்கேயோ வெளிநாட்டில் இரண்டு பதக்கம் வாங்கி
அவள் வந்த வாரம்
நோர்வூட் பாலத்திலிருந்து கோயில் வளைவு வரை
பையன்கள் தார் ரோட்டில் வெள்ளை பெயின்ற்றால்
"வருக வருக தங்கமகள் புஸ்பலீலா" எழுதியிருந்தார்கள்.
(பையன்களும் ஸ்தான் போட்டார்கள். அதில் எனக்கொரு சந்தோஷம்.)
எழுத்து ஒவ்வொன்றும் என்னைவிட நீளம்.
அரிசி மூட்டையோடு அதைக் கடக்கையில்
செருப்பைக் கழற்றுவதா என்று ஒரு கணம் நின்றேன்.
கழற்றவில்லை.
லாவின் காலடியில் ஏதோ ஒரு லொறி
எண்ணெய் ஒழுக்கிவிட்டுப் போயிருந்தது.

திறந்த ஜீப்பில் அவள் கையசைத்துப் போனாள்.
எல்லாரும் பதக்கத்தைப் பார்த்தார்கள்.
எனக்குக் கணுக்கால்தான் தெரிந்தது,
அட்டை கடித்துச் சொறிந்த பழைய கறுப்புத் தழும்பு
மூன்றோ நாலோ.
அன்றிலிருந்து கடையில் பாரூக் நானா
கடன் கொப்பியைத் திறக்கும்போதெல்லாம்
"ஒரு ஓட்டம் ஓடிப்போய்க் காசக் கொண்டுவா, தங்கமகளே" என்பார்.

மூன்றாமவளைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.
லயத்துக்குப் பின்னால்
நாலு தகரம் சாத்தி நான் போட்ட குசினிக்கு
தோட்டம் வழக்குப் போட்டது.
ஹட்டன் கோட்டில், பிற்பகல் போல,
என் பேரைக் கூப்பிட்டார்கள்.
"மாரிமுத்து புஸ்பலீலா!"
நான் எழும்பினேன்.
மேலே, கதிரையில்,
நீதவான் அம்மாவின் பேனை நின்றது.
கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.
"இது உங்க பேர்தானா?"
ஆமாங்க என்றேன்.
உங்களதுமாங்க என்று நாக்கு நுனி வரை வந்தது.
பின் வாங்கில் ஒரு பொலிஸ்காரர் இருமினார்.

தீர்ப்பின் பிரதி இப்போதும் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது.
தாளின் தலைப்பில் ஒரு புஸ்பலீலா.
அடியில் கையெழுத்தாக ஒரு புஷ்பலீலா.
இடையில் பதினொரு வரி.
தகரத்தை ஒரு மாதத்தில் எடுக்கவேண்டும்,
தண்டம் ஆயிரத்து ஐந்நூறு.
எழுதத் தெரிந்த என் பேர்
எழுதப்பட்ட என் பேருக்கு விதித்தது.
கோபமில்லை.
தகரத்தைப் பிரித்த அன்று மழை பெய்தது, அவ்வளவுதான்.

மரியாயி கேட்டாள், அந்த மூன்று பேரும்
ஒருநாள் ஒன்றாய் வந்தால் என்ன செய்வாய் என்று.
பிளேன்ரீ ஊற்றுவேன்.
யாராவது வாசலில் நின்று "புஸ்பலீலா" என்றால்
நாலு பேரும் திரும்புவோம்.
யாரை என்று கேட்கமாட்டார்கள்,
கூப்பிட்டவருக்குத் தெரியும்.
நான் திரும்பவும் அடுப்பை ஊதப் போவேன்.

செக்ரோலில் நான் நூற்றுப் பதினேழு.

நேற்று ஐந்தாம் நம்பர் மலையில் பனிமூட்டம்.
கொழுந்து விரலுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.
தராசில் பதினாறரை.
தண்ணிக்கென்று ஒன்று கழித்தார்,
சாக்குக்கென்று இன்னும் ஒன்று.
பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு
"நூத்திப் பதினேழு, அரைப்பேர்" என்றார் கிளாக்கர்.

"எந்த அரைங்க?" என்றேன்.
"புஸ்பாவா, லீலாவா?"

வரிசை முழுக்கச் சிரித்தது.
மரியாயி கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.
கிளாக்கரய்யா மட்டும் சிரிக்கவில்லை.
பதினெட்டு வருஷமாய் எங்கள் பேரை எழுதுகிறவர்.
அவர் பேர் என்னவென்று
எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.